செர்ரி பீரும் அடைத்த மடையும்

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்காலில் ஒரு பாரில் உட்கார்ந்து பெல்ஜியம் பாணி செர்ரி பீர் குடித்தேன். பட்டப்பகலில். பொதுநலத்துக்காக.

நம்ப மாட்டீர்கள்... எனக்கே நம்பிக்கை வரவில்லை.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். கலியமூர்த்தியும் கோவிந்தராஜும் பங்காளிகள் — அண்ணன் தம்பி பிள்ளைகள். மேல்வயல் மூத்தவர் கலியமூர்த்திக்கு, கீழ்வயல் இளையவர் கோவிந்தராஜுக்கு. வருஷா வருஷம் வரப்பைச் செதுக்கியே தம்பி தன் நிலத்தைத் தின்கிறான் என்று அண்ணன் கேஸ் போட்டார். கையோடு, கீழ்வயலுக்குத் தண்ணீர் இறங்கும் மடையையும் அடைத்துவிட்டார். கோவிந்தராஜின் குறுவை நாற்று காயத் தொடங்கியது. இன்னும் சில நாள் இப்படியே போனால் இந்தப் போகம் அவருக்கு இல்லை.

சமாதானம் பேச என்னைப் பிடித்தார்கள். எனக்கு நிலம் கிடையாது. நிலம் இல்லாதவன்தான் நிலத்தைப் பற்றி நியாயமாகப் பேசுவான் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை.

எங்கே பேசுவது? ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போனால், போனவர் தோற்றவர். ஊருக்குள்ளும் முடியாது. ஒருவர் ஆளுங்கட்சி, மற்றவர் ஆண்ட கட்சி. இரண்டும் திராவிடம்தான், ஆனால் டீக்கடை தனித்தனி. ஆகவே காரைக்கால். அங்கே வேறு அரசாங்கம், இருவருக்கும் செல்வாக்கு கிடையாது.

பஸ்ஸில் தனித்தனி சீட். பாரில் ஒரே மேசை — ஆனால் பேச்செல்லாம் என் வழியாக.

"சார், வரப்ப பழைய எடத்துல போடச் சொல்லுங்க."

"சார், மொதல்ல மடையத் தொறக்கச் சொல்லுங்க."

ஆளுக்கொரு சரக்கு வாங்கினால் அதுவே இன்னொரு கேஸ் ஆகிவிடும். பங்காளிகள் என்றால் ஒரே பாட்டில், சமமான கிளாஸ். பெரிய பாட்டிலாகக் கேட்டேன். பெங்களூரில் பெல்ஜியம் முறைப்படி, செர்ரிப் பழம் ஊறவைத்துத் தயாரித்த ஒன்று மட்டும் கேட்பாரற்றுக் கிடப்பதாகச் சர்வர் சொன்னார். கொண்டுவரச் சொன்னேன்.

ஊற்றினார். இளஞ்சிவப்பு நுரை. ரோஸ்மில்க்கா என்று கலியமூர்த்தி கேட்டார் — என்னிடம்தான்.

நான் முறைப்படி ருசித்தேன். முதலில் புளிப்பு. பிறகு பேக்கரி பன்னில் ஒட்டியிருக்குமே அந்தச் சிவப்புப் பழம், அதன் இனிப்பு. தொண்டையில் இறங்கும்போது மெல்லிய கசப்பு... பரவாயில்லையே!

கோவிந்தராஜ் ஒரே வாயோடு பேதி மருந்து குடித்த முகத்துடன் வைத்துவிட்டார். கலியமூர்த்தி வைக்கவில்லை. தம்பியால் முடியாததை அண்ணன் முடித்துக் காட்ட வேண்டாமா? அரை கிளாஸ் போய்விட்டது. மறுபடி தூக்கும்போதுதான் அது நடந்தது.

"அண்ணே, வச்சிடு. பாகா இனிக்குது. ஒனக்கு சுகரு."

என்னைத் தாண்டி, நேராக. கேஸ் போட்ட பிறகு இருவருக்கும் இடையே முதல் பேச்சு.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"ரெண்டு பேரும் ஒரே மெடிக்கல்லதான மாத்திரை வாங்குறோம்."

கலியமூர்த்தி கிளாஸைக் கீழே வைத்தார். "ஒனக்குமா?" என்றார். தம்பி தலையாட்டினார். அண்ணன், நாற்று எப்படி இருக்கிறது என்று கேட்டார். நுனி கருகிவிட்டதாம். உடனே போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"மடையத் தொறந்து வுடுடா. ஆமா, இப்பதான். கீழ நாத்து காயுது."

வரப்பைப் பற்றி? ஒரு வார்த்தை இல்லை. கேஸ் நடக்கிறது, நடக்கும். நான் வரிசைப்படுத்திக்கொண்டு போன வாதங்கள், சர்வே வரைபடம் எல்லாம் பைக்குள்ளேயே தூங்கின. நியாயம் பேசித் திறக்காத மடை, ரத்தச் சர்க்கரையால் திறந்தது!

அதன்பின் இருவரும் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள் — இந்தப் பீரை வாங்கிய சாருக்கு நாக்கே கிடையாது. பாட்டிலில் மிச்சமிருந்ததை வீணாக்க மனமில்லாமல் நான் முடித்தேன். திரும்பும்போது ஒரே சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் என்னைப் பற்றித்தான் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

நாற்று பச்சை பிடித்துவிட்டது. சமாதானம் எப்படி வந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. சார் காரைக்காலில் ஃபுல் பாட்டிலைத் தனியாளாக முடித்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.