மீசைக்காரரின் கடைசிக் கார்த்திகை

ஊறவைத்த சென்னாக்கூனியின் வாடை விரல் நுனியில் ஒருமுறை ஏறிவிட்டால் எந்தச் சோப்புக்கும் இறங்காது. வகுப்பில் கணக்குப் போடும்போது பேனாவோடு சேர்ந்து அதுவும் மூக்கருகே வந்து நிற்கும். காயவைத்த அந்தப் பொடி இறாலைத்தான் எங்கள் வீட்டுக் கெளுத்தி தின்றது, அதை ஊட்டிவிடுகிற வேலை என்னுடையது. எட்டாம் வகுப்புப் பெண்ணான எனக்கு அந்த வாடை பெரிய அவமானமாகத் தெரிந்தது. அதிலிருந்து தப்பிக்கப் போய்த்தான் உண்மையிலேயே வெட்கப்பட வேண்டிய காரியத்தைச் செய்தேன்.

காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு அரசாங்க ஆபீசில் வேலை, கோட்டுச்சேரியில் கொஞ்சம் நிலம். ஒரு கோடையில் வாய்க்கால் வற்றி, மிஞ்சிய சேற்றுக்குழியில் துடித்துக்கொண்டிருந்த விரல்நீளக் கெளுத்தி ஒன்றைச் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு எடுத்துவந்தார். அம்மா ஒரு மீனுக்கு எவ்வளவு புளி கரைப்பது என்று கேலி செய்துகொண்டிருக்க, அப்பா கண்ணாடித் தொட்டி வாங்கப் புறப்பட்டுவிட்டார். மற்ற வீடுகளில் தங்க நிறத்தில் மீன் நீந்த, எங்கள் கூடத்தில் மட்டும் மண் நிறத்தில் ஒன்று தொங்கு மீசையோடு உலாவியது. அப்பா அதற்கு "மீசைக்காரர்" என்று பெயர் வைத்து, கடைசி வரைக்கும் "அவர்", "இவர்" என்று மரியாதையாகவே பேசினார்.

ஒன்பது வருஷத்தில் மீசைக்காரர் கிழவராகிவிட்டார். கண்ணில் வெள்ளை படர்ந்து, மீசையும் தேய்ந்துபோய், தீனி முன்னால் கிடந்தாலும் தெரியாமல் ஒரு மூலையில் கிடப்பார். இறாலை ஈர்க்குச்சியின் நுனியில் குத்தி வாயோரம் நீட்டிக்கொண்டு, அவர் மனது வைக்கும்வரை நிற்கவேண்டும். அரைமணி நேரம் ஆகும். "அவசரப்படுத்தாதம்மா, அவரா வாயத் தொறக்கட்டும்" என்பார் அப்பா. நிறைய நாள் அவரே நின்று ஊட்டினார்.

கார்த்திகை பிறந்தால் அப்பா சபரிமலைக்கு மாலை போடுவார். மாலை போட்டவரை உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் நாங்களும் அவரைச் "சாமி" என்போம். சாமி கோபப்படக் கூடாது, சாவைப் பார்க்கக் கூடாது, வீட்டில் கவிச்சி நுழையக் கூடாது. மீன் இருக்கலாம், மீன் தின்கிற கவிச்சி இருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பொரியும் சோறும் போட்டுப் பார்த்தோம், மீசைக்காரர் விரதம் இருக்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே மாலை போடுவதற்கு முந்தின நாள் அவரை வாளியில் எடுத்துப்போய், பக்கத்து வீட்டு ரோசாலி அத்தையின் கூடத்தில் ஒரு சின்னத் தொட்டியில் விடுவது வருஷா வருஷம் நடப்பது. அத்தை எங்களுக்கு உறவு இல்லை. மகன் பிரான்சில் இருக்க, தனியாக இருந்த கிறிஸ்தவப் பெண்மணி. கெளுத்தியின் முள் குத்திவிடும் என்று அத்தைக்குப் பயம். "எடம் என்னுது, வேல உன்னுது பாப்பா" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்.

நான் எட்டாவது படித்த அந்த வருஷம், மீசைக்காரர் அத்தை வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில், டியூஷனில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்கிட்ட கருவாட்டு வாடை வருதுடி" என்றாள். இரண்டே நாளில் என் பெயர் "கூனி" ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் ஈர்க்குச்சியைத் தொடவில்லை. ஒரு கரண்டி இறாலைத் தொட்டியில் கொட்டிவிட்டு டியூஷனுக்கு ஓடினேன். பிறகு நாளைக்கும் சேர்த்து இன்றைக்கே கொட்டினேன். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து குளிக்கப் போகிற அப்பா, வாசலிலேயே நின்று கேட்பார்.

"மீசைக்காரரு சாப்ட்டாராம்மா?"

"சாப்ட்டாரு சாமி."

சாமி என்று கூப்பிட்டுக்கொண்டே பொய் சொன்னேன், தினமும். விரதத்தின்போது மீன் சமைக்கிற வீட்டுக்குள் அவர் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியம்தான்.

தின்னாத இறால் அடியில் கிடந்து அழுகியது. "தண்ணி கலங்கி வாட அடிக்குது பாப்பா, மாத்துவமா?" என்று அத்தை கேட்டார். குழாய்த் தண்ணீரை வாளிகளில் பிடித்து, பிளீச்சிங் வாடை போக ஒருநாள் வைத்திருந்து, பாதித் தொட்டிக்கு மட்டும் மாற்றவேண்டும். அதுவும் என் வேலைதான். "சாமி சொல்ற வரைக்கும் மாத்தக் கூடாதாம் அத்தை" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். அத்தை அதை நம்பினார். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மீசைக்காரர் மேலே வந்து வாயைப் பிளந்து திணறுவதைப் பார்த்ததும் அத்தைக்குப் பொறுக்கவில்லை. பயத்தை விட்டு, ஜல்லிக்கரண்டியால் அவரை அள்ளி வாளியில் போட்டு, தொட்டியைக் கழுவி, குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்து நிரப்பி மறுபடியும் விட்டிருக்கிறார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மீசைக்காரர் வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றார். "சாமி, நான்தான் கொன்னுட்டேன். தவிக்குதேன்னு கொழாத் தண்ணிய ஊத்திட்டேன். எனக்குத் தெரியாது சாமி." அப்பா கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டார். போய்ப் பார்க்கவும் முடியாது, கோபப்படவும் முடியாது. "நீங்க நல்லதுக்குத்தானக்கா செஞ்சீங்க" என்றார். நான் புத்தகப் பையோடு கதவுக்குப் பின்னால் இருந்தேன். நான் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அத்தை தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

அதன்பிறகு அத்தை முன்போல் எங்கள் அடுப்படி வரைக்கும் வருவதில்லை. கிறிஸ்துமஸ் கேக்கை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புவார். அப்பாவும் சுவரோரம் நின்று ஊர்க்கதை பேசுவதை மெல்ல விட்டுவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. நான் போட்ட கல் நடுவில் கிடக்க, இரண்டு பேரும் அதைச் சுற்றி நடந்தார்கள்.

நான் கல்லூரியில் இருந்தபோது, அத்தை தன் மகனோடு பிரான்சுக்கே போய்விடுவதென்று முடிவாகி, சொல்லிக்கொண்டு போக வந்தார். "அந்த மீன் விஷயத்துல என்னைய ஒரு வார்த்த கேக்கல தம்பி நீங்க. அந்த மனசு யாருக்கு வரும்" என்று அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் காபித் தட்டோடு எதிரில் நின்றேன். "சூடு ஆறுது, எடுத்துக்கங்க அத்தை" என்றேன்.

இப்போது அத்தையின் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்தக் கூடமும் தொட்டியும் எந்த இடத்தில் இருந்தன என்று என்னாலேயே சரியாகக் காட்ட முடியவில்லை. அத்தை பிரான்சிலேயே காலமாகிவிட்டார் என்று யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கேட்டதிலிருந்து மனது அடங்காமல், போன வாரம் அப்பாவின் அருகில் உட்கார்ந்து கூனி, டியூஷன், தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். எழுபது தாண்டிய அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். திட்டுவார், இல்லாவிட்டால் விடும்மா என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இத எங்கிட்ட வந்து ஏம்மா சொல்ற?" என்றார். "அந்தப் பொம்பள, தான்தான் கொன்னோம்னு நெனச்சுக்கிட்டேல்ல போய்ச் சேந்துருக்கு."