வீட்டில் எத்தனை பிள்ளைகள்

முத்துப்பேச்சி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"வீட்ல எத்தனை பிள்ளைக?"

உத்தமபாளையத்தில் உரக்கடை மாடியில் இருக்கும் எங்கள் உதவி மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதென்ன ரேஷன் கார்டு விசாரணை என்று எரிச்சலாக வரும். வயசுப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு கஷ்டம் என்றால் போய் உட்கார்ந்து பேசுவதுதான் எங்கள் வேலை. அதற்கு எதற்குத் தலை எண்ண வேண்டும்? போகப் போகத்தான் புரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சட்டென்று வராது. செத்ததைச் சேர்ப்பதா விடுவதா என்று பெற்றவள் தடுமாறுவாள். அந்தத் தடுமாற்றத்தில் இருந்துதான் முத்துப்பேச்சி பேச்சைத் தொடங்குவாள்.

கம்பத்துக்காரி. நாற்பதைத் தாண்டியவள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் குடும்பக் கதை முழுவதும் கேட்டு முடித்துத்தான் இறங்குவாள். ஆனால் "நாளைக்கு வாரேன்" என்று மட்டும் அவள் வாயில் வராது. கெங்குவார்பட்டியில் சுருளிராஜன் என்று ஒரு பையன் இருந்தான். படிப்பை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தான். திங்கட்கிழமை வருகிறேன் என்று அவனிடம் போனில் சொல்லியிருந்தாள். அவன் ஞாயிற்றுக்கிழமையே உயிரை விட்டுவிட்டான். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் அன்றைக்கே கிளம்பிவிடுவாள். வழியில் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னைச் சில நேரம் "சுருளி, கெட்டியாப் பிடிச்சுக்க" என்பாள். நான் திருத்துவதில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, ஆனால் அந்த நேரத்தில் முதுகு சில்லிட்டுப் போகும்.

போன மாசி மாதம் ஏசுதாசன் சார் போன் செய்தார். கம்பத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பிளஸ் டூ படிக்கும் ஓவியா பரீட்சை நெருங்கும் நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை, அவள் மேல் செத்துப்போன அக்கா இறங்கியிருப்பதாக ஊரில் பேச்சு என்றார். முத்துப்பேச்சி பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள்.

திராட்சைப் பந்தல்களைத் தாண்டிக் கடைசி வீடு. அப்பா ராக்கப்பனுக்குப் பந்தலில் காவல் வேலை. அம்மா தேவயானி விடியுமுன் ஜீப் ஏறிக் கேரளா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவள். வழக்கமான கேள்வியைக் கேட்டதும் தேவயானி கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"ரெண்டு" என்றாள், விட்டத்தில் தொங்கிய ஓலைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

அது கன்னிப்பெட்டி. கல்யாணமாகாமல் செத்த பெண்ணை எங்கள் பக்கம் வீட்டுச்சாமியாகக் கும்பிடுவார்கள். பெட்டிக்குள் புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன் எல்லாம் வைப்பார்கள். வருசா வருசம் புதுசு வைத்துவிட்டுப் பழசை எடுத்து வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். மூத்தவள் ஹேமாவதி ரெண்டு வருசத்துக்கு முன்னால் கிணற்றில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள். அவளுக்கு வைத்த பாவாடையைத்தான் ஓவியா கட்டியிருந்தாள். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவள் குரல் மாறுமாம். அக்கா பேசுவாளாம். அல்வா கேட்டாள், வாங்கி வந்தார்கள். குடிக்கக் கூடாது என்றாள், ராக்கப்பன் அன்றோடு நிறுத்தினார். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கக் கூடாது என்றாள், வந்த பேச்சை அப்படியே விட்டார்கள். இதையெல்லாம் தேவயானி பெருமையாகத்தான் சொன்னாள். கடைசியில் சொன்னதற்கு மட்டும் குரல் இறங்கியது.

"நேத்து, தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டா. வெள்ளிக்கெழம கோடாங்கி வர்றாக. பூச போட்டுக் குறி கேக்கப்போறோம்."

உடனே தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று முத்துப்பேச்சி சொன்னாள். அவசரத்தில் சொல்லிவிட்டாள். எங்கள் சாமியைப் பைத்தியம் என்கிறாயா என்று ராக்கப்பன் கத்தினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு பெண் சாகப்போகிறேன் என்கிறாள், இவர்கள் பூசைக்கு நாள் குறிக்கிறார்கள். முத்துப்பேச்சி என் கையை அழுத்தினாள். பூசையைத் தாராளமாகப் போடுங்கள், அதுவரைக்கும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், கிணற்றுப் பக்கம் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சி வாக்கு வாங்கினாள். பிறகு தினமும் போனாள். சும்மா போய் ஓவியாவின் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்துவிட்டு வருவாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் போனேன். கோடாங்கி இன்னும் வரவில்லை. பெட்டியை இறக்கித் திறந்து வைத்திருந்தார்கள். புதுத்துணி வாசனையும் சாம்பிராணியும் சேர்ந்து மூச்சு முட்டியது. தேவயானி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"தலையக் குனி ஹேமா" என்றாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அப்படிக் கூப்பிடுவது பழகிப்போயிருந்தது. ரெண்டு பிள்ளைகள் என்று அவள் சொன்ன கணக்கில் பெட்டிக்குள் ஒரு ஹேமா, வெளியே ஒரு ஹேமா, உயிரோடு இருக்கும் ஓவியாவுக்கு இடமே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முத்துப்பேச்சி மெல்லச் சொன்னாள். "தேவயானி, மூத்தவளுக்கு என்ன வேணும்னு தெனமும் கேக்குறீக. இவகிட்ட ஒருதடவ கேளு ஆத்தா. இவ பேரச் சொல்லிக் கேளு."

தேவயானி வாயைத் திறந்தாள். ஹே என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பெற்ற பிள்ளையின் பேர் வாயில் வராமல் அவள் பட்ட பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஓவியா... ஒனக்கு என்னடி வேணும்?"

ஓவியா பெட்டிக்குள் இருந்த புதுப் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளுடைய சொந்தக் குரலில் கேட்டாள்.

"நான் பெயிலானா என் துணியையும் இதுல வைப்பீகளா? அதுக்கப்புறம் நான் சொல்றதயும் கேப்பீகளா?"

தேவயானி சீப்பைக் கீழே வைத்தாள். வாசலில் நின்ற ராக்கப்பன் உள்ளே வந்தார்.

"அக்கா வழுக்கி விழுகலடி" என்றாள் தேவயானி. "மார்க்கு வந்த அன்னிக்கு அவளாத்தான் போனா. ஊருக்குப் பயந்து மாத்திச் சொன்னோம்."

"எனக்குத் தெரியும்மா. என்கிட்டதான் யாரும் சொல்லல."

ஓவியா அழுதாள். அக்காவுக்காக அவள் அழுததை அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்த்ததாக ராக்கப்பன் பிறகு சொன்னார். கோடாங்கி வந்தார், ஹேமாவதிக்குப் படையல் நடந்தது. பழைய பாவாடையை யாருக்கும் கொடுக்காமல் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள். மறுநாள் காலையில் அவர்கள் மூன்று பேரும் முத்துப்பேச்சியும் தேனிக்கு பஸ் ஏறினார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார், வாரா வாரம் வரச் சொன்னார். ஓவியா பரீட்சை எழுதினாள். ஆனாலும் சில சாயங்காலங்களில் குரல் மாறத்தான் செய்தது. அப்போதெல்லாம் தேவயானி அவளை ஓவியா, ஓவியா என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாளாம்.

ரிசல்ட் வந்த அன்று ஏசுதாசன் சார்தான் போன் செய்தார். ஓவியா வேதியியலில் பெயில். அந்த வீட்டுக்குப் போட்டால் யாரும் எடுக்கவில்லை என்றார். முத்துப்பேச்சி ஸ்கூட்டியை ஓட்டிய ஓட்டத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வழியெல்லாம் "சுருளி, பிடிச்சுக்க, சுருளி" என்றே வந்தாள். அழுகிறாளா என்று பின்னால் இருந்து தெரியவில்லை.

வாசலில் தேவயானி நின்றிருந்தாள். அன்றைக்குத் தோட்ட வேலைக்குப் போகவில்லை. முத்துப்பேச்சிக்கு மூச்சு வாங்கியது. என்ன கேட்பது என்று தெரியாமல், வாயில் பழகிப்போனதையே கேட்டாள்.

"வீட்ல எத்தனை பிள்ளைக?"

தேவயானி இந்தத் தடவை தடுமாறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டுக்கா. ஒண்ணு செத்துப்போச்சு. ஒண்ணு உள்ள சாப்பிடுது."