பெயிண்டுக்கு அடியில் ஒரு ஜெர்மன் நம்பர்

ஈப்போவில் பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியங்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். தெலுக் இந்தான் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், ஐம்பதுகளில் வந்த ஜெர்மன் வண்டி ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. விடுவேனா? போன சனிக்கிழமை காலை 6.45க்கு ஜெலாப்பாங்கிலிருந்து காரில் கிளம்பிவிட்டேன்.

வழியில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் ஒன்று, 5 வெள்ளி 20 காசு. மொத்தம் 91 கிலோமீட்டர், கடைசி நாலு செம்மண் பாதை. ரப்பர் மரங்கள் போய் இப்போது எல்லாமே எண்ணெய் எடுக்கும் செம்பனை. 8.40க்குப் போய்ச் சேர்ந்தேன்.

கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே விலை ஏறிவிடும், உங்களைத் தெரியாதா எனக்கு! கதையை மட்டும் சொல்கிறேன். ஆரம்பத்தில் அவர்கள் செய்தது பின்னல் இயந்திரம். அப்புறம் சைக்கிள், அப்புறம் மோட்டார் சைக்கிள். போருக்குப் பிறகு சின்ன வண்டிகளை உலகம் பூராவும் அனுப்பினார்கள். பிறகு காரில் ஆசை வைத்து, கடைசியில் இன்னொரு கம்பெனிக்குள் கரைந்து போனார்கள்.

வண்டியின் சொந்தக்காரர் லெட்சுமி அக்கா, அறுபதைத் தாண்டியவர். லயத்து வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை, காலி செய்துவிட்டு மகனோடு போகப் போகிறார். அவருடைய அப்பா தோட்டத்து ஃபிட்டர். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய வண்டியாம். கெரான் என்கிற உரிமைப் பத்திரமும் அப்பா பெயரில்தான் இருந்தது.

"தம்பி, மொதல்ல ஒண்ணு பாத்துச் சொல்லுங்க," என்றார். "வேற வண்டி கெரான வச்சிக்கிட்டு அப்பா இதைத் திருடிட்டாருன்னு லயமே பேசுச்சு. நம்பர் பாத்தா தெரிஞ்சிரும். எனக்குப் பயம் லா, இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

கெரானில் எழுதியிருக்கும் அதே நம்பர் வண்டியின் கழுத்தில், வலப்பக்கம் பொறித்திருக்க வேண்டும். தடவினேன். வழவழவென்று இருந்தது, ஒரு கோடுகூட இல்லை. நம்பரைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தவன், அக்கா முகத்தைப் பார்த்து, "அப்பா இதுக்குப் பெயிண்ட் அடிப்பாரா?" என்று கேட்டு வைத்தேன்.

"ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அடிப்பாரு. அடிக்காம பொட்டு வைக்க மாட்டாரு."

அட! அப்படியானால் நம்பர் பெயிண்டுக்குள் மூடிப்போயிருக்கலாம். தோட்டத்துக் கடையில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் ஒரு போத்தல், 7 வெள்ளி. பழைய துணியால் துடைக்கத் துடைக்க பச்சை போய்ச் சிவப்பு வந்தது, அப்புறம் நீலம், அப்புறம் கறுப்பு. பதினோரு மணிக்கு முதல் எண் தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கெரானோடு ஒத்துப்போனது. கடைசி எண்தான் மூன்றா எட்டா என்று இழுத்தடித்தது. கெரானில் எட்டு. அக்காவிடம் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை வாங்கித் தேய்த்தேன்.

"எட்டுதான்க்கா!" என்று கத்தியேவிட்டேன். அப்பாடா, அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அக்கா படியில் உட்கார்ந்து அழுதார், நடுவில் சிரித்தார்.

இப்படி வண்டி தேடிப் போகிறவர்கள் தின்னரும் பழைய பிரஷ்ஷும் கொண்டு போங்கள். மணல்தாள் வேண்டவே வேண்டாம், நம்பரே போய்விடும். முக்கியமாக, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் பதறுகிறது.

விலை கேட்டேன். "அது கெடக்கட்டும் தம்பி, அப்பறம் பேசலாம்," என்ற அக்கா, எதிர்வீட்டைப் பார்த்து, "கோவிந்தண்ணே, கண்ணாடிய எடுத்துக்கிட்டு வாங்க!" என்று கூப்பிட்டார். திருட்டுப் பேச்சை ஆரம்பித்ததே அவர்தானாம்.

அவர் குனிந்து ஒவ்வொரு எண்ணாக முணுமுணுத்தார். அக்கா கெரானை விரித்துப் பிடித்தபடி சொன்னார்:

"சத்தமா வாசிங்கண்ணே. லயம் பூரா கேக்கட்டும்."