ஆளுங்கட்சி மாத்திரை

என் நைனாவுக்கு ரத்தக்கொதிப்பு. சாலவாக்கம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு மாதாமாதம் சுகாதாரத் துறைப் பெண் ஒருவர் தோளில் பையோடு வருவார். பிரஷர் பார்த்து, மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுப் போவார். காசு கிடையாது. நைனாவும் ஒழுங்காகத்தான் விழுங்கிக்கொண்டிருந்தார். கெடுத்தது தேர்தல்.

நைனா எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர். டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினால் எந்த மருந்துக்கடையிலும் மாத்திரை இலவசம் என்று அவர் கட்சி அறிக்கை விட்டது. ஆளுங்கட்சி சும்மா இருக்குமா? வீட்டுக்கே மாத்திரை வரும் திட்டத்தில் இன்னும் பல நோய்களைச் சேர்ப்போம் என்றது. இரண்டுமே நல்லதுதான் என்று நான் சொல்லப்போய், நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த மாதம் அந்தப் பெண் வந்தபோது, தேர்தல் நேரம் என்பதால், பையில் இருந்த முதலமைச்சர் படத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. அப்படியும் நைனாவுக்கு அடியில் இருந்த முகம் தெரிந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வேணாம்மா. அவுங்க மாத்திரைய முழுங்கிக்கினு அவுங்களுக்கு எதிரா எப்டி ஓட்டு கேக்குறது? உப்பிட்டவர உள்ளளவும் நினைக்கணும்."

"அண்ணே, இது கவர்மெண்டு மாத்திர. எந்தக் கட்சியும் இல்ல."

அவர் கேட்கவில்லை. உப்பே ஆகாது என்று டாக்டர் சொன்ன மனுஷனுக்கு உப்பு விசுவாசம். அம்மா உத்திரமேரூர் போய்க் கடையில் வாங்கிவந்தாள். அதையும் தொடவில்லை.

"கொஞ்ச நாளு பொறு. நம்ம ஆட்சி வந்தா சீட்டக் காட்டி வாங்கிக்கலாம். எனக்கு இன்னா, கல்லாட்டம் கீறேன்."

வாக்குப்பதிவுக்குச் சில வாரம் முன்பு, ஏரிக்கரை ஓரம் இருளர் குடியிருப்பில் ஓட்டு கேட்கப் போனோம். நான் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். நைனா மாத்திரைத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பேச்சு குழறியது. "காலையிலேயே ஊத்திக்கினு வந்துகீறாரு" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. கூடவந்த கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்தான், "சிரிக்காதீங்க, அவுருக்கு வாய் கோணுது பாருங்க" என்றாள். அதற்குள் நைனா சாய்ந்துவிட்டார்.

உயிர் தப்பியது. இடது கையும் காலும் போயின. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? கட்சிகள்மேலா, படுத்துக்கிடக்கும் இந்த மனுஷன்மேலா? இன்றுவரை அந்தக் கோபம் இறங்க இடம் இல்லாமல் என்னிடமே இருக்கிறது.

வாக்குப்பதிவன்று ஆட்டோவில் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடித்தார். சாவடியில் மை வைப்பவர், "இடது கையை நீட்டுங்க" என்றார். கை வரவில்லை. அம்மா அதைத் தூக்கி மேஜைமேல் வைத்து, ஆள்காட்டி விரலைப் பிரித்துக் கொடுத்தாள். மை வைத்தது அவருக்குத் தெரியவில்லை. ஓட்டுப் பட்டனுக்குப் போகாமல், அம்மாவின் தோளில் சாய்ந்தபடி விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும், குழறிய வாயால் மெல்லச் சொன்னார்: "நம்ம ஆட்சி வந்துடும். அப்புறம்..."

அம்மா, அந்தப் பெண் மறுபடியும் கொடுத்துவிட்டுப் போயிருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள்.

"வரும்போது வரட்டும். நீ மொதல்ல வாயத் தொற."

நைனா திறந்தார். தண்ணீர் பாதி உள்ளே போயிற்று, பாதி இடது ஓரமாக வழிந்து கழுத்தில் கிடந்த கட்சித் துண்டை நனைத்தது.