ஒரே கட்டுரை, மூன்று முகவரி

வருவாய்த் துறையில் இருந்த காலம் முழுவதும் எதையும் மூன்று பிரதிகள் எடுக்காமல் மேசையை விட்டு நகர்த்தியதில்லை. ஓய்வுக்குப் பின் சான்றிதழ்கள் வாங்கும் முறையை விளக்க ஓர் இணையதளம் தொடங்கியபோதும் அந்தப் புத்தி போகவில்லை. பழங்குடியினர் சாதிச் சான்று பற்றிய ஒரே கட்டுரையைக் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், கல்வராயன்மலை என மூன்று தலைப்புகளில், மூன்று முகவரிகளில் ஏற்றினேன்.

கல்லூரிச் சேர்க்கை நேரம். பேருந்து நிலையத்தருகே பிரவுசிங் சென்டரில் மலையிலிருந்து வந்த ஒரு பெண் அச்சிட்ட தாளுடன் நின்றிருந்தார். மகளுக்கு நான்கு நாளில் கலந்தாய்வு, சான்று இல்லை.

"இதுல தாசில்தார்னு போட்டுக்கீது சார். ரெண்டு தபா போயிட்டேன். இங்க குடுக்க மாட்டோம்னு அனுப்பிட்டாங்க."

தாளை வாங்கிப் பார்த்தேன். என் கட்டுரை! 'நான் சங்கராபுரத்தில் பணிபுரிந்தபோது' என்ற வரியைக்கூட விடாமல் எவனோ திருடித் தன் தளத்தில் போட்டிருந்தான். பழங்குடியினர் சான்றைத் தருபவர் கோட்டாட்சியர்; அதை மட்டும் தாசில்தார் என்று திருத்தியிருந்தான். திருடுகிறவன் ஒழுங்காகத் திருட வேண்டாமா?

தேடிப் பார்த்தால் அவன் பக்கம்தான் முதலில் வந்தது. என்னுடையதைக் காணோம். சென்டர்காரருக்கு இந்தத் தொழில் தெரியும்.

"ஒரே சரக்க மூணு எடத்துல வெச்சிக்கினீங்க. எது அசல்னு மெஷினுக்கு இன்னா தெரியும்? அவனுக்கு எத்தினியோ சைட்டு லிங்க் குடுத்துக்கீது. உங்களுக்கு ஒண்ணுகூட இல்லீங்க சார்."

லிங்க் என்றால் சிபாரிசு. சிபாரிசுக் கடிதங்களைக் கிழித்தே காலம் தள்ளியவன் நான். திருடனுக்குச் சிபாரிசு வண்டி வண்டியாக, எழுதியவன் நகல்!

"அப்ப நான் எங்க போவணும்?" என்றார் அந்தப் பெண்.

கோட்டாட்சியருக்குரிய விண்ணப்பத்தை அங்கேயே பதியவைத்தேன். விசாரணை முடியாமல் சான்று தர முடியாது. அந்த விதியை நானே எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். நான்கு நாள் போதவில்லை.

அந்த வாரமே இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டு, அவற்றைத் திறந்தால் மூன்றாவதற்கே போகும்படி செய்தேன். அதுதான் மூலம் என்று குறியும் இட்டேன். திருட்டைப் பற்றித் தேடுபொறி நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். நான்தான் எழுதினேன் என்பதற்கு ஆதாரம் கேட்டுப் பதில் வந்தது.

பிறகு அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"சான்று வந்திட்சி சார். ஆனா கெமிஸ்ட்ரி சீட்டு ரொம்பிப்போச்சாம். வேற ஏதோ ஒண்ணுல சேத்துக்கினாங்க. அழுதுகினே கீறா. இத யாரு மேல எழுதிக் குடுக்கறது?"