பேர் வெட்டிய தட்டைத் தேடி ஒரு விடுதிக்கு

இந்தப் பக்கத்தைத் தொடங்கியது என் மகள் ஜெனிபா. நாங்கள் போய்வந்த ஊர்களைப் பற்றி அவள் எழுதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து "அது அப்படி இல்லடி" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். போன மாதம் அவள் இறந்துவிட்டாள். இனிமேல் எழுத நான்தான் இருக்கிறேன். ஐந்தாவது வரை படித்தவள், ராயபுரத்தில் மீன் விற்கிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும். அவள் தங்கிப் படித்த கல்லூரி வளாகத்துக்கு எப்படிப் போவது, பிள்ளையைச் சேர்க்கலாமா என்று சிலர் இங்கே கேட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை போய்வந்தேன். அதைச் சொல்கிறேன்.

நான் போனது அவள் தட்டை எடுக்க. துணிமணி, பக்கெட் எதுவும் எனக்கு வேண்டாம். அந்த விடுதியில் காகிதத் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர் கிடையாது. அவரவர் தட்டை நீட்டினால்தான் சோறு. அவள் கொண்டுபோனது, சர்ச்சில் முதல்முறை நன்மை, அதான் புதுநன்மை, வாங்கிய அன்று என் தம்பி பேர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் தட்டு. விளிம்பில் 'ம. ஜெனிபா' என்று இருக்கும்.

ராயபுரம் ஸ்டேஷனில் ஒன்பதே முக்கால் ரயில். எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். அரை மணி நேரம் என்பார்கள், சரக்கு வண்டிக்கு வழிவிட்டால் முக்கால் மணி ஆகும். அங்கிருந்து வளாகம் நான்கு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோ அந்த இடுக்கில் நுழைந்து நுழைந்து போனது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, பொண்ண சேக்கப் போறியா?" என்றார் டிரைவர்.

"இல்ல நைனா. அது சாமான எடுக்கப் போறேன்."

"அட, படிச்சி முட்ச்சிட்ச்சா? அப்ப ஸ்வீட்டு எங்க?"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

ஆட்டோ வாசலோடு சரி. உள்ளே புகை விடும் வண்டிக்கு அனுமதி இல்லை. நடக்கலாம், இல்லாவிட்டால் சைக்கிள். ஜெனிபாவுடன் தங்கியிருந்த பெண்களுக்காக வஞ்சிரம் வறுத்து ஒரு கவரில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். செக்யூரிட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

"கவரு உள்ள போவக் கூடாதுக்கா. துணிப்பை தர்றேன், மாத்திக்கோ. சுத்தமா கீற எடம் இது."

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி கரும்புகை கக்கிக்கொண்டு போனது.

"அந்த லாரிய எந்தப் பைல மாத்துவ?" என்றேன்.

"இன்னாக்கா, காலைலயே பேஜாரு பண்ற," என்று சிரித்தார்.

அந்த வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அவள் சைக்கிள் மேல் லாரி ஏறியது. பழைய துப்பட்டாக்களைப் பையாகத் தைக்கக் கொடுத்திருந்தாள். அவற்றை வாங்கப் போன இடத்தில் நடந்தது. உள்ளே ரோடு முழுக்க மர நிழல், சைக்கிளுக்குத் தனிப்பாதை. எல்லாம் வாசல்வரைதான்.

வார்டன் நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். அப்புறம்தான் சொன்னார், அறையைச் சனிக்கிழமையே காலி செய்துவிட்டார்களாம். புதுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவள் சாமான்கள் பகிர்வு அறைக்குப் போய்விட்டன. யாரும் வந்து எடுக்காத பொருளை அங்கே வைப்பார்கள், தேவைப்படும் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

"ஃபோன் பண்ணப்ப வர்றேன்னு சொன்னீங்க. அப்புறம் ஆளையே காணோமேம்மா."

"முப்பதாம் நாள் பூச நேத்துதாம்மா ஆச்சி. அதுக்கு முன்னாடி பெத்தவ எப்டிம்மா வாசப்படி தாண்டுவா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வழக்கம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சாவு வீடு என்றாலே எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

"இந்த அறையைத் தொடங்கினதே ஜெனிபாதாம்மா," என்றார் வார்டன். "நாலு வாரத்துக்கு மேல எதையும் பூட்டி வைக்கக் கூடாதுன்னு அவதான் சண்டை போட்டு வாங்கினா."

யாரைத் திட்டுவது?

பகிர்வு அறையில் அவள் தலையணை கிடந்தது. தட்டு இல்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் தட்டுகளைப் பார்க்க முடியும் என்றார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில், சாப்பிடுகிறவர்களின் தட்டுகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஜன்னலோரம் ஒல்லியாக ஒரு பெண். ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். விளிம்பில் என் மகள் பேர்.

"இது எம் பொண்ணு தட்டு."

அவள் சோற்றுக்கையோடு எழுந்துவிட்டாள். "எனக்குத் தெரியாது ஆன்ட்டி. நல்லா கனமா இருந்துச்சு, அதான் எடுத்தேன். கழுவித் தந்துடுறேன்."

"உக்காரு. சோத்த வெச்சிட்டு எழுந்திருக்காத. துன்னு முடி."

எதிரில் உட்கார்ந்துகொண்டேன். அவள் ஒவ்வொரு வாயாக விழுங்கினாள். அழுகையை அடக்குவது தெரிந்தது. மிச்சம் வைக்காமல் தின்றாள். கழுவி, துப்பட்டாவில் துடைத்து நீட்டினாள்.

"ராத்திரிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

என்ன கேட்க வந்தாள் என்று எனக்குப் புரிந்தது. தட்டில்லாமல் அங்கே சோறு கிடையாது. விட்டுவிடடி என்று ஜெனிபா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். நான் விடவில்லை. மீனை அவள் முன்னால் வைத்துவிட்டு, தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

பிள்ளையைச் சேர்க்கிறவர்களுக்கு: இடம் நல்ல இடம்தான். தண்ணீரை, கரண்டை, சோற்றை வீணாக்காமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். தட்டு இரண்டாகக் கொடுத்து அனுப்புங்கள். வருகிறேன் என்று சொன்னால் எந்தக் கிழமை என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டு வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. சைக்கிள் கேட்பார்கள். கொடுத்தால், வாசலைத் தாண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

நானும் சொல்லித்தான் கொடுத்தேன்.