காப்பி போட ஒரு தீப்பெட்டி

போன வாரம் எதிர்வீட்டில் சிமெண்டு இறக்க வந்த லாரிக்காரர், நனைந்த தார்ப்பாயை எங்கள் சுற்றுச்சுவரில் காயப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வெயில் ஏற ஏற அது ஒரு வாசனை விட்டது பாருங்கள், எண்ணெயும் கயிறும் என்றைக்கோ பெய்த மழையும் கலந்த வாசனை. வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

என்னிடமும் ஒரு தார்ப்பாய் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் மூட்டை எடை போடும் இடத்தில் எனக்கு வேலை. சட்டையில் ஏலக்காய் அப்படி ஏறியிருக்கும், மதுரைக்கு பஸ்சில் போனால் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "போடியா?" என்பார். மண்டியில் நாள் முழுக்கச் சத்தம். வீட்டுக்கு வந்தால் சித்தப்பா குடும்பம், அத்தை குடும்பம், இடுப்பில் ஏறிக்கொள்ள நாலைந்து பிள்ளைகள். ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்து தன் மூச்சைத் தானே கேட்க வேண்டுமானால் ஊரைவிட்டு ஓடத்தான் வேண்டும். ஓடுவதற்காகவே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன்.

வாங்கிய நாளே பின்சக்கரத்துக்கு, மலையேற்றத்தில் வழுக்காத கட்டைப்பல் வைத்த பட்டன் டயர் மாட்டினேன். அதைப் பார்த்த மெக்கானிக், "மாப்ளே, ஏர் உழவா போற?" என்றார். மண்டியில் கழித்துப்போட்ட தார்ப்பாயைச் சுருட்டிப் பின்னால் கட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு பாத்திரம், காப்பித்தூள், கருப்பட்டி எல்லாம் சாக்கில் போட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மதியம் குரங்கணி மலைப்பாதையில் கிளம்பினேன். பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று ஒரு கேனில் தனியாகவும் எடுத்துக்கொண்டேன். முன்யோசனைக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம்.

குரங்கணிக்கு மேலே ஜீப்புப் பாதை என்பது பாதை அல்ல, வரிசையாக வைத்த கல். வண்டி ஏறிய தூரத்தைவிட நான் அதைத் தள்ளிய தூரம் அதிகம். எப்படியோ ஒரு பெரிய பாறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதன் விளிம்பில் நின்றால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். தேவாரம் ஊர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் பச்சைக் கறை மாதிரி கிடக்கும். தார்ப்பாயை இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினேன். அது இரண்டு தடவை என் தலையிலேயே விழுந்தது. பிறகு ஸ்டவ்வை வைத்துவிட்டுச் சாக்கைத் துழாவினால், தீப்பெட்டி இல்லை.

அந்நேரம் எஸ்டேட் வேலை முடிந்து இரண்டு பெண்கள் கூடையோடு வந்தார்கள். மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். செல்லத்தாய் என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டது. கூட வந்தவர் தங்கம்மா, மலையாளம் கலந்து பேசுகிறவர்.

"ஆத்தா, தீப்பெட்டி இருக்குமா?" என்றேன்.

செல்லத்தாய் என்னைப் பார்த்தார். பெட்ரோல் கேனைப் பார்த்தார். பாறை விளிம்பைப் பார்த்தார்.

"எதுக்கு அப்பு?"

"காப்பி போட."

"ஏன், வீட்ல போட்டுத் தரமாட்டாகளா?"

"தருவாக. சும்மா தனியா இருக்கணும்னு வந்தேன்."

அவர் கூடையை இறக்கினார். "தங்கம்மா, அந்தக் கேன எடு" என்று சொல்லிவிட்டு, நேரே போய் வண்டிச் சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆத்தா, நான் சாகவெல்லாம் வரல."

"யாரு சொன்னா? வா, சோறு தின்னுட்டுப் போகலாம்."

"மோனே, பெண்ணு காரியமோ?" என்று தங்கம்மா இரக்கமாகக் கேட்டார். அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு காரியமும் அமையவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர்கள் பின்னால் நடந்தேன்.

தொழிலாளர் லயத்தில், வரிசையாகக் கட்டிய தகரக்கூரை வீடுகளில், செல்லத்தாயுடையது ஓர் ஒற்றை அறை. சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். வழி நெடுக நான் சொல்லிவந்த விளக்கத்தை அங்கேயும் தொடர்ந்தேன். மண்டிச் சத்தம், வீட்டுக் கூட்டம், பட்டன் டயர், எல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

"எந்தம்பியும் சும்மா தனியா இருக்கணும்னுதான் சொன்னான்" என்றார். "அதே பாறைதேன். எனக்கு அன்னைக்கு சோலிக்கு நேரமாச்சு. சரி இருந்துட்டு வாடான்னு சொல்லிட்டு வெரசாப் போயிட்டேன்."

தங்கம்மா எழுந்து வெளியே போனார். அதன்பிறகு நான் விளக்கம் சொல்லவில்லை.

"இனிமே இப்பிடி நினைக்கமாட்டேல்ல?" என்று கேட்டார்.

"மாட்டேன் ஆத்தா" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பி அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தார்.

காலையில் சாவி கிடைத்தது. கேன் கிடைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவரே வைத்துக்கொண்டார். பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்துவிட்டுக் குரங்கணி வரை உருட்டிக்கொண்டே வந்தேன்.

பிறகு பல வருஷம் அந்தப் பாறைக்குப் போனேன். தார்ப்பாயைக் கட்டி முடிப்பதற்குள் யாராவது ஒரு பெண் வந்து எட்டிப் பார்ப்பார். சற்று நேரத்தில் செல்லத்தாயே சட்டியோடு வருவார். "இன்னைக்கு எப்பிடி இருக்க?" என்பார். "நல்லாருக்கேன் ஆத்தா" என்பேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருப்பேன். எனக்குக் கல்யாணமானபோது தங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு போடிக்கு வந்து, பெண்ணை மேலும் கீழும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

எண்பதுகள் முடியுமுன்னே அவர் கம்பத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே காலமானதாகக் கேள்விப்பட்டேன். இப்போது வேலையாட்கள் காலையில் ஜீப்பில் ஏறி வந்து, பொழுது சாயுமுன் இறங்கிவிடுகிறார்கள். லயத்தில் கூரைத் தகரம்கூட இல்லை. இரண்டு வருஷம் முன்பு ஜீப்பு பிடித்துப் போய் அந்தப் பாறையில் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே டிரைவரைக் கூப்பிட்டு இறங்கிவிட்டேன்.